மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நொக் அவுட் றக்பிக் கிண்ணம் நடத்துவது எப்படி

கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பொருதிவரும் பிரட்பி கேடயத்தில், முதற்கட்ட ஆட்டத்தில் தோற்ற அணி இரண்டாம் கட்டத்தில் கூடுதல் புள்ளிகள் எடுத்துக் கேடயத்தைத் தட்டிக்கொண்டு போக முடியும். நொக் அவுட் கிண்ணத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கழக மட்டத்தில் கிளிபர்ட் கிண்ணமும் பாடசாலை மட்டத்தில் ஜனாதிபதி கிண்ணமும் இந்த முறையில் பெயர்பெற்றவை என்றாலும், அவற்றில் ஆடும் அணிகள் லீக் தொடரொன்றில் பல வாரங்கள் விளையாடிய பிறகே நொக் அவுட்டுக்கு வருகின்றன. உதைபந்தாட்டமும் மென்பந்துக் கிரிக்கெட்டும் ஊருக்கு ஊர் வேரூன்றியுள்ள நமது இரு மாவட்டங்களில், புதிதாகச் சேர்ந்த றக்பி அணியொன்றுக்கு அப்படியான லீக் எதுவும் இல்லை. அந்த ஒரு கிண்ணமே அதன் முழுப் பருவமாக இருந்துவிடக் கூடும். ஆகவே கொழும்பிலோ கண்டியிலோ நடக்கும் முறையை அப்படியே எடுத்து வைத்தால், மாதக்கணக்கில் மாலை மாலையாகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புவார்கள், அடுத்த வருடம் அந்த அணி வராது. வந்த எல்லா அணிகளும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் ஆடுவதையும், எவரும் பாரதூரமான காயத்துடன் திரும்பாமல் இருப்பதையும் முதலில் உறுதிசெய்துவிட்டு, கிண்ணம், பதாகை, பிரதம அதிதி ஆகியவற்றைப் பின்னர் யோசிப்பதே ஏற்பாட்டாளர்களுக்குரிய ஒழுங்கு. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை உள்ள விளையாட்டுக் கழகங்களை மனத்தில் வைத்தே இங்கு எல்லாம் சொல்லப்படுகிறது.

அணிக்கு எத்தனை பேர்

எடுக்க வேண்டிய முதல் தீர்மானம் இதுவே. மற்ற எல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன. முழுமையான றக்பி யூனியன் ஆட்டம் அணிக்குப் பதினைந்து பேருடன், 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக ஆடப்படுகிறது. இதில் ஸ்க்ரம் என்பது பக்கத்துக்கு எட்டுப் பேர் பிணைந்து தள்ளும் போராட்டம். அதன் முழுப் பாரமும் முன்வரிசையில் நிற்கும் இரண்டு புரொப் வீரர்களினதும் நடுவில் நிற்கும் ஹுக்கரினதும் கழுத்திலும் தோளிலும் இறங்குகிறது. இந்த மூவரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதோடு, அவர்களில் ஒருவர் காயப்பட்டால் அந்த இடத்துக்கு வரக்கூடிய, அதே பயிற்சி பெற்ற மாற்று வீரரும் இருக்க வேண்டும். உடம்பு பெருத்த பிள்ளையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்துவது கழுத்தெலும்போடு விளையாடுவதாகும். பங்குபற்றும் அணிகளில் ஒன்றிடமேனும் இத்தகைய வீரர்கள் இல்லையென்றால், தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம் என்று போட்டி விதியிலேயே எழுதிவிட வேண்டும். அப்போது இரு தரப்பும் பிணைந்து நிற்கும், பந்தைப் போடும் அணிக்கே பந்து கிடைக்கும்.

பதினைந்து பேர் கொண்ட ஆட்டத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. ஓர் அணியை ஒரே நாளில் இரண்டு தடவை அப்படி ஆடவைக்க முடியாதாகையால், எட்டு அணிகள் கொண்ட கிண்ணம் மூன்று வார இறுதிகளை விழுங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் மைதானம், மத்தியஸ்தர், அம்புலன்ஸ், சாப்பாடு என்று செலவு மும்மடங்காகும்.

அணிக்கு எழுவர் கொண்ட ஆட்டமே நமது சூழலுக்கு உகந்தது என்பது எனது தெளிவான அபிப்பிராயம். 7 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், இடையில் 2 நிமிட ஓய்வு, களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து மாற்று வீரர்கள், ஸ்க்ரமில் பக்கத்துக்கு மூன்று பேர் மட்டுமே. பன்னிரண்டு பேரைச் சேர்க்கக்கூடிய எந்தக் கழகமும் வரலாம். உதைபந்தாட்டத்தில் ஓடிப் பழகிய கால்களுக்கும் இந்த வடிவம் பொருந்தும். அணிக்குப் பத்துப் பேர் கொண்ட வடிவமும் உண்டு. 10 நிமிடப் பாதிகளுடன் அது இடைப்பட்ட தெரிவு, ஆனால் அதன் ஸ்க்ரமில் ஐந்து பேர் என்பதால் முன்வரிசைப் பிரச்சினை அதிலும் தொடரும். பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரை வளர்ந்தவர்களோடு கலந்து ஆடவைப்பதற்கு, பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், இடம் கொடுக்க வேண்டாம்.

நாளும் அனுமதியும்

ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை தை வரை மைதானங்களைக் குளமாக்கிவிடும். மழை ஓய்ந்ததும் பெரும்போக அறுவடை வரும்; படுவான்கரைப் பக்கத்திலும் அம்பாறை வயல்வெளிகளிலும் வாழும் வீரர்கள் அந்த நாட்களில் வயலை விட்டு வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள் ஊருக்கு ஊர் நடக்கும், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருவதால், சென்ற வருடம் பொருந்திய திகதி இவ்வருடம் பொருந்தாது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசும்போது நண்பகல் ஆட்டம் நினைத்தும் பார்க்க முடியாதது. இவற்றோடு க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவிட்டுப் பார்த்தால், எஞ்சும் சனிக்கிழமைகள் சிலவே. ஜும்ஆ தொழுகையையும் ஞாயிறு திருப்பலியையும் தொடாத நாள் என்பதால்தான் சனிக்கிழமையைச் சொல்கிறேன். தனியார் வகுப்புகள் அன்றைக்கும் இருக்கும், அதற்கு மருந்தில்லை.

மைதானம் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ பாடசாலைக்கோ சொந்தமாக இருக்கும். உரிய இடத்தில் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். நாட்டின் றக்பி நிர்வாக அமைப்பான சிறிலங்கா றக்பிக்கும் எழுதுங்கள். மத்தியஸ்தர்களைக் கேட்கும்போது அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

மைதானத்தை அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு வெபர் மைதானம், கல்முனை சந்தாங்கேணி போன்ற பெரிய திடல்கள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஊர் மைதானத்தை நாடாவால் அளந்து பார்க்காமல் வாக்குக் கொடுக்க வேண்டாம். கோல் கோட்டிலிருந்து எதிர்க் கோல் கோடு வரை 100 மீற்றருக்கும், அகலம் 70 மீற்றருக்கும் மேற்படக்கூடாது. எழுவர் ஆட்டமும் முழு மைதானத்திலேயே ஆடப்படுவது. இதற்கு மேலதிகமாக, ஒவ்வொரு கோல் கோட்டுக்கும் பின்னால் ட்ரை வைப்பதற்கான, அதாவது பந்தை நிலத்தில் அழுத்திப் புள்ளி பெறுவதற்கான பகுதி குறைந்தது 6 மீற்றர் இருக்க வேண்டும். அதாவது முழு நீளத்துக்கு 112 மீற்றர் வேண்டும். உதைபந்தாட்டத்துக்காகப் போடப்பட்ட பல திடல்கள் இவ்வளவு நீளமில்லாதவை. அவ்வாறான இடத்தில் கோல் கோடுகளுக்கு இடையிலான தூரத்தைக் குறையுங்கள், பின்பகுதியைக் குறைக்க வேண்டாம். முழு வேகத்தில் ஓடிவந்து ட்ரை வைப்பவருக்கு நின்றுகொள்ள இடம் வேண்டும், மதிலுக்கும் முட்கம்பி வேலிக்கும் அவர் வேகம் தெரியாது.

ஊர் மைதானங்களில் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நட்ட நடுவே கிடக்கும் கிரிக்கெட்டுக்கான கொங்கிரீட் தளம்தான். அதன் மேல் மண் பரப்பினாலும் பாய் விரித்தாலும், ஒருவரைத் தூக்கி வீழ்த்தும்போது தலை மோதுவது கொங்கிரீட்டிலேயே. மைதானத்தை ஒரு பக்கமாக நகர்த்தி அந்தத் தளத்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஐந்து மீற்றரேனும் தள்ளி விட முடிந்தால் விடுங்கள். முடியாவிட்டால் அந்த மைதானத்தில் றக்பி வேண்டாம். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

கரையோரத் திடல்களில் மணலுக்குள் போத்தல் ஓடு, நெருஞ்சி முள், ஆணி என்று எல்லாம் புதைந்திருக்கும். போட்டிக்கு முந்திய வாரம் அணிக்கு நான்கு பேரை அழைத்து, கைக்குக் கை கோத்த தூரத்தில் வரிசையாக நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்; போட்டி நாள் காலையிலும் ஒரு தடவை நடங்கள், ஏனென்றால் இரவில் மாடுகள் வந்து போயிருக்கும். சாணம் கிடந்த மண்ணில் தோல் உரிந்தவருக்கு ஏற்புத் தடுப்பூசி பற்றி நினைவூட்டுவது முதலுதவிப் பிரிவின் வேலை.

கோடு போடுவதற்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை, றக்பியில் முகம் நிலத்தில் உரசும். ஈரம் பட்ட சுண்ணாம்பு கண்ணையும் காயத்தையும் எரித்துவிடும். தண்ணீரில் கரைத்த வெள்ளை எமல்சன் வர்ணத்தை அகலத் தூரிகையாலோ தெளிகருவியாலோ அடியுங்கள். கோல் கோடு, அதிலிருந்து 22 மீற்றர் தள்ளிய கோடு, நடுக்கோடு, அதற்கு இருபுறமும் 10 மீற்றர் கோடுகள், பக்கக் கோடுகள் ஆகியவை தெளிவாக இருந்தால் உள்ளூர்க் கிண்ணத்துக்குப் போதும்.

கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடையில் 5.6 மீற்றர், குறுக்குக் கம்பம் நிலத்திலிருந்து 3 மீற்றர் உயரம். இரும்புக் குழாயை ஒட்டுவேலைக் கடையில் கொடுத்துச் செய்விக்கலாம். ஒரு நாள் போட்டிக்கு நேரான கமுகு மரமும் போதும், ஆனால் மூன்றடிக்குக் குறையாமல் குழி தோண்டி இறுக்க வேண்டும், உறுதிக்காகக் கட்டும் கயிறு ஆட்டப் பகுதிக்குள் வரக்கூடாது. பழைய பஞ்சு மெத்தையை ஆள் உயரத்துக்குக் கம்பத்தைச் சுற்றி வைத்துப் படங்குத் துணியால் போர்த்திக் கட்டினால் காப்புறை தயார். பார்வையாளர்களை எல்லைக்கோட்டிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளிக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்துங்கள்.

மத்தியஸ்தரும் முன்பயிற்சியும்

உள்ளூரில் உதைபந்தாட்ட மத்தியஸ்தர்கள் ஏராளம் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களில் ஒருவரிடம் விசிலைக் கொடுத்துவிட முடியாது. எழுவர் ஆட்டத்தில் பத்து ஆட்டங்கள் நடக்கும் நாளுக்கு, தகுதிபெற்ற மூன்று மத்தியஸ்தர்களாவது வேண்டும். ஒருவர் ஆட்டத்தை நடத்த, மற்ற இருவர் கோட்டில் நின்று மாறிக்கொள்வார்கள். இலங்கை றக்பி மத்தியஸ்தர் சங்கத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே எழுதுங்கள். கண்டியிலிருந்து மஹியங்கனை, மகாஓயா, செங்கலடி வழியாக வருபவர் அன்று காலையே வந்து இறங்கி விசில் ஊதுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வெள்ளி மாலையே அழைத்து, தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு மூன்றையும் முன்கூட்டியே உறுதிப்படுத்துங்கள். அவர்களுடைய கொடுப்பனவைப் பரிசளிப்புக்குப் பிறகு தேடிக் கொடுக்காமல், கடித உறையில் முதலே வைத்திருங்கள்.

போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாள் எல்லா அணிகளையும் அழைத்துப் பயிற்சிப் பட்டறை வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு வராத அணியின் பெயர் குலுக்கலில் சேராது. அங்கு கற்பிக்க வேண்டியது உத்தியல்ல, டக்கிள் செய்யும் முறை, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் முறை. கபடியில் தேர்ந்த பிள்ளைகள் நமது பக்கத்தில் நிறைய. காலைக் கட்டிப்பிடிப்பதில் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் எதிரே முழு வேகத்தில் ஓடிவருபவரின் முன்னால் தலையை நீட்டினால் அவருடைய முழங்கால் நேராக நெற்றியில் மோதும். தலை எப்போதும் ஓடுபவரின் பின்பக்கமாக, அவர் இடுப்போடு கன்னம் ஒட்டியிருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். கை தோளுக்கு மேலே போகவே கூடாது. இதை மெதுவாக, முழந்தாளிட்ட நிலையில், பின் நடந்து, பின் ஓடி என்று படிப்படியாகச் செய்வியுங்கள். சட்டங்கள், ஆட்டத் தயார்நிலை, மூளை அதிர்ச்சி ஆகியவை பற்றி உலக றக்பி அமைப்பு இணையத்தில் இலவசப் பாடங்களை வைத்திருக்கிறது. ஒவ்வோர் அணியின் பயிற்றுநரும் அவற்றை முடித்த சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்பது வைக்கத்தக்க நிபந்தனை.

குலுக்கலும் நேர அட்டவணையும்

நொக் அவுட் கணக்கு எளிமையானது: அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. அணிகள் 4, 8, 16 என்று வராவிட்டால், அடுத்த பெரிய எண்ணுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அணிகளுக்கு முதற்சுற்றில் ஆடாமல் முன்னேறும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். உதாரணமாக 11 அணிகள் வந்தால் 5 அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும், மற்ற 6 அணிகள் மூன்று ஆட்டங்கள் ஆடும். மொத்தம் 10 ஆட்டங்கள். நேராக முன்னேறும் அணிகளைக் குலுக்கல் மூலமே தெரியுங்கள், முதல் வருடத்தில் தரவரிசை வைப்பதற்கு எவரிடமும் ஆதாரம் இருக்காது. குலுக்கலை எல்லா அணித்தலைவர்களையும் கூட்டிவைத்து அவர்கள் கண்முன்னே நடத்துங்கள். மூடிய அறையில் நடந்த குலுக்கல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அடுத்த ஊர் அணி அதை நம்பாது.

தோற்ற அணிகளுக்கு இரண்டாவது ஆட்டம் தரும் வழி, முதல் ஆட்டத்தில் தோற்றவர்களை மட்டும் கொண்டு தனிக் கேடயம் ஒன்று நடத்துவது. அணிகள் எட்டாக இருந்தால் இது கச்சிதமாக அமையும்: கிண்ணத்துக்கு 7 ஆட்டங்கள், காலிறுதியில் தோற்ற நான்கு அணிகளுக்கிடையில் கேடயத்துக்கு 3 ஆட்டங்கள், ஆக 10. பதினொரு அணிகள் என்றால் சிக்கல். நேராகக் காலிறுதிக்கு வந்து தோற்றவர்களும் முதற்சுற்றில் தோற்றவர்களும் சேர்ந்து கேடயத்துக்குத் தகுதிபெறும் அணிகள் நான்கா, ஏழா என்பது காலிறுதிகள் முடியும் வரை தெரியாது. எனவே எட்டுக்கு மேல் விண்ணப்பம் வந்தால், முந்திய சனிக்கிழமை தகுதிகாண் ஆட்டங்களை நடத்தி, அதில் தோற்றவர்களுக்கும் அன்றைக்கே இன்னோர் ஆட்டம் வைத்துவிட்டு, போட்டி நாளுக்கு எட்டு அணிகளோடு வாருங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு 16 நிமிடங்கள் போக, காயம், பந்து தேடுதல், அணிகள் வெளியேறி உள்ளே வருதல் எல்லாம் சேர்த்து 25 நிமிடங்கள் ஒதுக்குங்கள். நமது வெயிலில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையில் ஆட்டம் வேண்டாம். காலை 7.00, 7.25, 7.50, 8.15 மணிக்கு நான்கு காலிறுதிகள், 8.40க்கு முதலிரு காலிறுதிகளில் தோற்றவர்களின் கேடய அரையிறுதி. கடைசிக் காலிறுதியில் ஆடியவர்கள் மூச்சு வாங்குவதற்காகச் சற்றுத் தள்ளி 9.20க்கு மற்றக் கேடய அரையிறுதி. அஸர் தொழுகை முடிந்தபின் 3.45க்கும் 4.10க்கும் கிண்ணத்தின் அரையிறுதிகள், 4.35க்குக் கேடய இறுதி, 5.15க்குக் கிண்ண இறுதி. இப்படிச் செய்தால் இரண்டாவது அரையிறுதியில் வென்ற அணிக்கு நாற்பது நிமிடமாவது ஓய்வு கிடைக்கும், பொழுது சாயுமுன், மஃரிப் தொழுகைக்கு முன்பே எல்லாம் முடியும். ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கும் ஊரில் அட்டவணை அரை மணி நேரம் பிந்தினாலும் இறுதியாட்டம் நிழலில் போய்விடும். ஆகவே பிரதம அதிதி வரவில்லை என்பதற்காக எந்த ஆட்டத்தையும் பிற்போட வேண்டாம். வீரர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்து உரையாற்றுவதும் பொன்னாடை போர்த்துவதும், எல்லாம் முடிந்த பிறகு நடக்கட்டும்.

எழுதி வைக்க வேண்டிய விதிகள்

ஆட்டச் சட்டங்கள் உலக றக்பி அமைப்பினுடையவை; அவற்றை நீங்கள் மாற்றப் போவதில்லை. ட்ரைக்கு 5 புள்ளிகள், அதன்பின் உதையும் கோலுக்கு 2, பெனால்டிக்கும் ட்ரொப் கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தை நிலத்தில் விழவிட்டு, அது எழும்போது உதைத்துப் பெறும் கோல்) 3. எழுவர் ஆட்டத்தில் கோல் உதையும் ட்ரொப் கிக்காகவே அடிக்கப்படும். புள்ளி பெற்ற அணியே மறுபடி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். மஞ்சள் அட்டை பெற்றவர் 2 நிமிடங்கள் வெளியே இருப்பார். உங்கள் வேலை, போட்டிக்கே உரிய விதிகளை ஒரு தாளில், தமிழிலும் சிங்களத்திலும், தெளிவாக எழுதிக் கொடுப்பது. அம்பாறை நகரத்திலிருந்து வரும் அணியும் ஏறாவூரிலிருந்து வரும் அணியும் ஒரே தாளைத்தான் வாசிக்க வேண்டும்.

அதிகச் சண்டை வரும் இடம் இரவல் ஆட்டக்காரர் விவகாரம். கொழும்பிலோ படைப் பிரிவொன்றிலோ ஆடும் ஒருவரைப் போட்டியன்று கூட்டிவந்து இறக்குவது எந்த விளையாட்டிலும் நமக்குப் பழகிப்போன தந்திரம். றக்பியில் அது எதிரணிப் பிள்ளைகளுக்கு உடல் ரீதியான ஆபத்தாகவும் மாறும். வெளியூர் வீரர் இருவருக்கு மேற்படக்கூடாது என்றோ, அறவே கூடாது என்றோ எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் பன்னிரண்டு பேரின் பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அட்டையைப் பார்த்த பிறகே வீரர் உள்ளே போக வேண்டும்.

சமநிலையில் முடிந்தால் என்ன செய்வது என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். எழுவர் ஆட்டத்தில் ஒரு நிமிட இடைவேளைக்குப் பின் 5 நிமிட மேலதிக நேரம், அதில் முதலில் புள்ளி பெறும் அணி வெற்றி. எவரும் பெறாவிட்டால் பக்கம் மாறி இன்னொரு 5 நிமிடம். பதினைந்து பேர் ஆட்டத்தை வைத்திருந்தால், 80 நிமிடம் ஓடிக் களைத்த பொழுதுபோக்கு வீரர்களை மேலும் ஓடவைப்பதைவிட, அதிக ட்ரைகள் வைத்த அணி முன்னேறும், அதுவும் சமமென்றால் முதல் ட்ரை வைத்த அணி முன்னேறும் என்று எழுதுவது உத்தமம். சிவப்பு அட்டை பெற்றவர் அந்தப் போட்டியில் அடுத்த ஆட்டத்துக்கும் இல்லை. பத்து நிமிடம் பிந்தி வரும் அணி தோற்றதாகக் கருதப்படும். முறைப்பாடு அரை மணி நேரத்துக்குள், எழுத்தில், அணித்தலைவரின் ஒப்பத்துடன். மத்தியஸ்தரின் ஆட்டத் தீர்ப்பு பற்றிய முறைப்பாடு ஏற்கப்படாது.

அணிகலன் பற்றிய விதியை மட்டும் பட்டறை நாளிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மோதிரம், காப்பு, சங்கிலி, கடுக்கன் எதுவும் கூடாது என்றால் எவரும் மறுக்கமாட்டார்கள். அட்சரக்கூட்டையும் கைநூலையும் கழற்றச் சொல்லும்போதுதான் முகம் மாறும். போட்டி நாள் காலையில், பார்வையாளர் முன்னிலையில் அதைச் சொல்லி ஒருவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். வாய்க்காப்பு இல்லாதவர் ஆடக்கூடாது. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் வகையை மொத்தமாகக் கொள்வனவு செய்து அணிகளுக்குக் கொடுத்தால் சாட்டுச் சொல்ல இடமிராது. பந்து ஐந்தாம் அளவு, நிறை 410 முதல் 460 கிராம். நான்கு பந்துகளாவது வைத்திருங்கள்.

காயம்

நொக் அவுட் கிண்ணத்தில் தலையில் அடிபட்ட வீரரை வெளியே எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான காரியம், ஏனென்றால் அடுத்த ஆட்டம் இல்லை என்ற பயம் வீரருக்கும் பயிற்றுநருக்கும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே அந்த அதிகாரத்தை அணியிடம் விட வேண்டாம். எந்த அணியையும் சேராத ஒரு வைத்தியரோ பயிற்சி பெற்ற தாதியோ களத்தோரம் இருக்க வேண்டும், அவர் அல்லது மத்தியஸ்தர் வெளியே என்றால் வெளியேதான். கணநேரமாவது நினைவிழத்தல், தள்ளாடுதல், வெறித்த பார்வை, வாந்தி, தலைவலி, கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டல், ஸ்கோரோ எதிரணியின் பெயரோ சொல்லத் தெரியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவர் அன்றைக்கு மறுபடி ஆடக்கூடாது. சந்தேகமே போதும், நிரூபணம் தேவையில்லை. அவரைத் தனியே விடாமல், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமல், ஒருவரோடு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வைத்தியரின் எழுத்து இல்லாமலும் மூன்று வாரம் செல்லாமலும் மீண்டும் மோதல் ஆட்டத்துக்கு வரக்கூடாது என்று அவருடைய கழகத்துக்குக் கடிதமும் கொடுங்கள்.

கழுத்தில் வலி என்றாலோ, கை கால் மரத்திருக்கிறது என்றாலோ, எவரும் அவரைத் தூக்க வேண்டாம், புரட்ட வேண்டாம். நண்பர்கள் நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போவது நமது மைதானங்களில் வழக்கமாகக் காணும் காட்சி. அந்த நல்ல மனமே ஒருவரை ஆயுள் முழுதும் படுக்கையில் விட்டுவிடக் கூடும். ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருக்க, மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் உள்ளே வரும் படலையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் காலையிலேயே உறுதிசெய்யுங்கள், படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த விடாமல் ஓர் ஆளைப் போடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனையிலோ அம்பாறையிலோ உள்ள வைத்தியசாலையோ, எது அருகில் இருக்கிறதோ அதன் விபத்துப் பிரிவுக்குப் போட்டித் திகதியை முதல்நாள் அறிவித்து வையுங்கள்.

இரத்தம் வழிபவர் அது நிற்கும் வரை வெளியே. தண்ணீரைக் கணக்குப் பார்த்து எடுங்கள்: எட்டு அணிகள், தொன்னூற்றாறு வீரர்கள், ஆளுக்கு மூன்று லீற்றர் என்றால் முந்நூறு லீற்றர் அளவில் வரும், மத்தியஸ்தரும் தொண்டர்களும் வேறு. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும், அல்லது ஜீவனிப் பொதிகள். இளநீர் கிடைத்தால் சிறப்பு. இரண்டு பெட்டி ஐஸ் முதலுதவிக் கூடாரத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது என்று எழுதி ஒட்டாவிட்டால், மதியத்துக்குள் அது சர்பத்தாகிவிடும்.

போட்டி நாளில்

நேரம் பார்ப்பதற்கும் ஸ்கோர் எழுதுவதற்கும் இருவரைத் தனித்தனியே வையுங்கள்; நேரம் முடிந்ததும் ஒலி எழுப்பினாலும், பந்து ஓயும் வரை ஆட்டம் தொடரும் என்பதை அவர்களும் பார்வையாளர்களும் அறிந்திருக்க வேண்டும். கடைசி ஒலிக்குப் பிறகு வைக்கப்படும் ட்ரைதான் சண்டைக்கு முதல் காரணம்.

அறிவிப்பாளரைத் தெரிவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நமது பார்வையாளர்களில் பலருக்கு, பந்தை ஏன் முன்னோக்கி எறியக்கூடாது, விழுந்தவர் ஏன் பந்தை விட வேண்டும், விசில் ஏன் அடிக்கடி ஊதப்படுகிறது என்று தெரியாது. உதைபந்தாட்ட வர்ணனைபோல் ஓடுபவரின் பெயரைக் கத்திக்கொண்டிராமல், மத்தியஸ்தரின் சைகையைப் பார்த்து இது முன்னெறிதல், இது உயரமான டக்கிள் என்று ஒரு வரியில் விளக்கக்கூடியவர் கிடைத்தால், பத்து மணிக்குப் போகவிருந்த கூட்டம் மாலையிலும் திரும்பி வரும். அவர் மத்தியஸ்தரை விமர்சிக்கக்கூடாது என்பதை மட்டும் ஒலிவாங்கியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மத்தியஸ்தர், முதலுதவி, தண்ணீர், காப்புறை என்ற வரிசையில் செலவழித்து, மிஞ்சியதில் கிண்ணம் வாங்குங்கள். பணப்பரிசு வேண்டாம், அது வந்த மறுவருடமே இரவல் ஆட்டக்காரர்களும் வந்துவிடுவார்கள். அனுசரணையாளரின் பதாகையைக் கயிற்றுக்கு வெளியே கட்டலாம், கோல் கம்பத்தில் கட்டக்கூடாது.

பரிசளிப்பு முடிந்த கையோடு கம்பங்களைப் பிடுங்கிக் குழிகளை மணலால் நிரப்பி மிதித்து இறுக்குங்கள். மறுநாள் விடிய அதே இடத்தில் உதைபந்தாட்டப் பயிற்சி இருக்கும். ஸ்கோர் தாள்களின் பிரதியும் வரவுசெலவுக் கணக்கும் ஒரு வாரத்துக்குள் எல்லா அணிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். காயப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் தொலைபேசி எடுத்து விசாரித்து, சொன்ன பதிலை அதே பதிவேட்டில் குறித்து வையுங்கள்.